மண்டலம் ஒன்றுதான், மண் ஒன்றா?

தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம். வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, அதிக மழை பெறும் மண்டலம், மலை மண்டலம் என்பவை அவை. புதிய ரகம் வெளியிடும்போதும், விதைப்புப் பட்டம் சொல்லும்போதும், சிறப்புத் திட்டம் அறிவிக்கும்போதும் 'இந்த மண்டலத்துக்கு ஏற்றது' என்ற வரி தவறாமல் வரும். அந்த வரியை நம்பி விதை வாங்கும் மானாவாரி விவசாயிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை என்பது என் கருத்து.

தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களோடு அதுவும் தெற்கு மண்டலத்தில் வருகிறது. ஆண்டு மழை சுமார் 650 மி.மீ. அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் பக்கம் போனால் கரிசல். சோளம், கம்பு, பருத்தி, உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய், மல்லி. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் தாமிரபரணி கொண்டுவந்த வண்டல், நெல்லும் வாழையும். சாத்தான்குளம், உடன்குடி பக்கம் தேரி என்கிற செம்மணல். பனை, முருங்கை, முந்திரி. கடற்கரையை ஒட்டி உப்பளமும் உவர் நிலமும். கரிசல் காட்டுக்குள்ளேயே மேடான இடங்களில் ஆழமில்லாத, சரளை கலந்த செவல்.

இத்தனைக்கும் மண்டலம் ஒன்றுதான். அப்படியானால் பிரித்தவர்கள் தவறு செய்துவிட்டார்களா? இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. நிலத்தை மழையை வைத்துப் பிரிக்கலாம், மண்ணை வைத்துப் பிரிக்கலாம், அதன் மேல் வளரும் செடிகொடிகளை வைத்துப் பிரிக்கலாம், மூன்றையும் சேர்த்தும் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு, ஓர் எல்லையும் உண்டு. எல்லை தெரியாமல் ஒன்றை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும்போதுதான் விவசாயி நஷ்டப்படுகிறார்.

மழையை வைத்துப் பிரித்தால்

1980-களின் இறுதியில் திட்டக் குழு இந்தியாவை 15 வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்தது. அதற்கு முன்பே தேசிய வேளாண் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் நாடு 127 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஏழு மண்டலங்கள் அந்த வழியில் வந்தவை. எந்த ஊரில் ஆராய்ச்சி நிலையம் வைப்பது, எந்தப் பயிருக்கு எவ்வளவு விதை உற்பத்தி செய்வது, எங்கே கிட்டங்கி கட்டுவது போன்ற முடிவுகளுக்கு இந்தப் பிரிவினை நன்றாகவே உதவியது.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, மண்டல எல்லைகள் பெரும்பாலும் மாவட்ட, வட்ட எல்லைகளை ஒட்டியே போகின்றன. புள்ளிவிவரமும் நிதி ஒதுக்கீடும் மாவட்டவாரியாக இருப்பதால் அப்படிச் செய்தார்கள். மழையும் மண்ணும் மாவட்ட எல்லையில் நின்று திரும்புவதில்லை.

இரண்டாவது, சராசரி. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. மாவட்டத்தின் ஓராண்டு சராசரியைவிட அது அதிகம். அப்படிப்பட்ட நாளும், ஐப்பசி முழுக்க வானம் பார்த்து ஏமாந்த ஆண்டும் சேர்ந்ததுதான் சராசரி. விதைப்பை முடிவு செய்ய வேண்டியவருக்கு மொத்த மழையைவிட, எத்தனை நாள் மண்ணில் ஈரம் நிற்கும் என்பதே முக்கியம். அதை மழைமானி மட்டும் சொல்லாது.

மண்ணை வைத்துப் பிரித்தால்

மண்ணைத் தரம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் பாருங்கள். 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்' என்று கட்டங்கள் இருக்கும். ரயத்துவாரி காலத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணையும் பார்த்து எழுதியது அது. நோக்கம் தீர்வை வசூல். ஆனாலும் சர்வே எண் வரை இறங்கி மண்ணைப் பார்த்த வேலை அது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் மண் ஆய்வு அறிவியல் முறையில் நடந்தது. குழி வெட்டி, அடுக்கு அடுக்காக நிறம், நயம், ஆழம், சுண்ணாம்பு, வடிகால் எல்லாம் பதிந்து, ஒத்த மண்களை ஒரே 'மண் தொடர்' என்று பெயரிட்டார்கள். முதலில் அடையாளம் கண்ட ஊரின் பெயரே தொடருக்கும் பெயர். பீளமேடு தொடர் கரிசல், இருகூர் தொடர் செம்மண். இரண்டு ஊர்களும் கோவையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே மேற்கு மண்டலம். இரண்டு மண்ணுக்கும் பயிர் யோசனை ஒன்றாக இருக்க முடியாது.

இதன் மேல் நிலத் திறன் வகைப்பாடு என்ற ஒன்றும் உண்டு. சரிவு, ஆழம், அரிப்பு, வடிகால், உவர் ஆகியவற்றைப் பார்த்து நிலத்தை எட்டு வகுப்புகளாகப் பிரிப்பார்கள். முதல் நான்கும் உழவுக்கு ஏற்றவை. மற்ற நான்கும் மேய்ச்சல், மரம், காடு போன்றவற்றுக்கு. மண் அரிப்பைத் தடுக்கவும் நீர்ப்பிடிப்பு வேலைகளுக்கும் அருமையான முறை. ஆனால் 'உழலாம்' என்று சொல்லுமே தவிர, எந்தப் பயிர், எத்தனை நாள் பயிர் என்று சொல்லாது.

அளவும் ஒரு பிரச்சினை. 1:5,00,000 அளவில் அச்சான மண் வரைபடத்தில் ஒரு சதுர செ.மீ. என்பது 25 சதுர கி.மீ., அதாவது 6,000 ஏக்கருக்கு மேல். அதில் 'கரிசல்' என்று வண்ணம் தீட்டியிருந்தால் பெரும்பகுதி கரிசல் என்று அர்த்தம். உங்கள் மூன்று ஏக்கர் மேட்டுச் செவல் அந்த வண்ணத்துக்குள் மறைந்துபோகும்.

செடிகொடிகளை வைத்துப் பிரித்தால்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தை அதன் மரம், பூ, உயிரினம், தொழில் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தது நம் மரபு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்றும் சொல்லி வைத்தார்கள். நிலத்தின் வகை மாறக்கூடியது என்ற இந்த எண்ணம் இன்றைய பல வரைபடங்களில் இல்லை.

நம் பெரியவர்களும் செடியைப் பார்த்து மண்ணைச் சொல்வார்கள். உமரி முளைத்தால் உப்பு. ஆடுதின்னாப்பாளை கண்டால் கரிசல். ஆவாரை அடர்ந்த மேடு, ஈரம் நிற்காத வறண்ட தரை. குடைவேல மரம் நிற்கும் காடு, மழை குறைந்த சீமை. ஒரு செடி அங்கே பல ஆண்டுகள் பிழைத்திருக்கிறது என்றால், அந்த இடத்தின் மழை, மண், உப்பு எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறது என்று பொருள். எந்தக் கருவியும் ஒரே நாளில் தராத தகவல் அது.

ஆனால் தென் மாவட்டங்களில் இந்த ஏட்டைச் சீமைக்கருவேலம் அழித்துவிட்டது. கரிசல், செவல், உவர், கண்மாய் உள்வாய் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் வளர்கிறது. எல்லா இடத்திலும் வளரும் செடி எந்த மண்ணுக்கும் அடையாளமாகாது. செயற்கைக்கோள் படங்களில் கணிக்கும் பசுமைக் குறியீட்டுக்கும் இதே தொல்லை. கோடையிலும் பசுமையாக நிற்கும் கருவேலங்காடு, அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் நல்ல கரிசலைவிட 'வளமாக'த் தெரியும். ஆண்டு முழுவதும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, களத்தில் இறங்கிச் சரிபார்த்தால்தான் அந்தத் தரவு பயன்படும்.

சேர்த்துப் பார்க்கும் கணக்கு

மழையையும் மண்ணையும் ஒரே கணக்கில் கொண்டுவந்த முறைதான் 'பயிர் வளர்ச்சிக் காலம்'. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1970-களின் இறுதியில் இதைக் கையாளத் தொடங்கியது. பயிருக்கும் ஆவியாதலுக்கும் தேவைப்படும் நீரில் பாதியாவது மழையாகக் கிடைக்கும் நாட்கள், அதற்குப் பின் மண்ணில் சேர்ந்த ஈரம் தீரும் வரையிலான நாட்கள், இரண்டையும் கூட்டினால் வளர்ச்சிக் காலம். நாகபுரியில் உள்ள தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் இந்தக் காலத்தையும் மண்ணையும் நில அமைப்பையும் சேர்த்து, இந்தியாவை 20 வேளாண் சூழல் மண்டலங்களாகவும் பின்னர் 60 உட்பிரிவுகளாகவும் பிரித்தது. மற்ற முறைகளைவிட இது விவசாயிக்கு நெருக்கமானது. ஏனென்றால், விதைப் பையில் எழுதியிருப்பதும் நாள் கணக்குதான்.

இதிலும் ஓர் இடத்தில் கவனம் தேவை. உணவு வேளாண் அமைப்பின் அடிப்படைக் கணக்கில், மழை நின்றபோது மண்ணில் 100 மி.மீ. நீர் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். உலக வரைபடம் போட அது போதும். உங்கள் காட்டுக்குப் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பயிருக்கு எட்டும் நீரைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம். 10 செ.மீ. ஆழ மணலில் 5 மி.மீ., மணற்பாங்கான செம்மண்ணில் 10 மி.மீ., கரிசலில் 15 மி.மீ. அல்லது சற்று மேல். ஒரு மீட்டர் ஆழமுள்ள கரிசல் நிறைந்தால் 150 மி.மீ. பிடிக்கும். 30 செ.மீ.க்குக் கீழே பாறை தட்டும் செவல் 30 மி.மீ. பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு சரளை என்றால் 20 மி.மீ.தான்.

ஐப்பசித் தொடக்கத்தில் வந்த மழை மார்கழித் தொடக்கத்தில் நின்றுவிட்டது, மழைக்காலம் 65 நாள் என்று வைப்போம். அதன் பிறகு நாளொன்றுக்கு 4 மி.மீ. ஈரம் போகிறது. 100 மி.மீ. கணக்குப்படி இன்னும் 25 நாள். ஆக மொத்தம் 90 நாள். வரைபடம் இரண்டு நிலங்களுக்கும் 90 நாள் என்கிறது. உண்மையில் செவலில் 5 நாளில் ஈரம் தீரும், மொத்தம் 70 நாள். கரிசலில் 37 நாள் தாங்கும், மொத்தம் 102 நாள். ஈரம் குறையக் குறையப் பயிர் வாடத் தொடங்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடச் சற்று முன்பே பாதிப்பு தெரியும். ஆனால் இரண்டு நிலங்களுக்கும் உள்ள ஒரு மாத வித்தியாசம் மாறாது.

130 மி.மீ. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. நீர் என்பது சுமார் 4,000 லிட்டர். ஆக ஏக்கருக்கு 5,20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 43 நடை தண்ணீர். ஒரே மழை பெய்து, பக்கத்துப் பக்கத்து வரப்பில், ஒருவர் நிலத்துக்குள் 43 லாரித் தண்ணீர் கூடுதலாக இருக்கிறது.

இப்போது பயிரைப் பாருங்கள். 65 முதல் 75 நாளில் முடியும் உளுந்தும் பாசியும் அந்தச் செவலில் பிழைக்கும். 100 நாளை ஒட்டிய மக்காச்சோளம், கதிரில் மணி பிடிக்கும் நேரத்தில் அங்கே காயும். கரிசலில் அதே மக்காச்சோளம் கரையேறும். மழை குறைந்த ஆண்டில் கரிசலும் நிறையாது என்பது உண்மை. அந்த ஆண்டில் கரிசலிலும் குறுகிய காலப் பயிரே காப்பாற்றும். தேரி மணலின் கணக்கே தனி. நீர் பிடிக்கும் சக்தி குறைவு, ஆனால் ஆழம் அதிகம். மேல் வேர்ப் பயிர் வாடும் இடத்தில் ஆழ வேர் விடும் பனை நிற்கும். உடன்குடிக் கருப்பட்டி அங்கே உருவானது தற்செயல் அல்ல.

எங்கே அடிபடுகிறோம்

இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாததன் விலை மூன்று இடங்களில் தெரிகிறது.

ஒன்று, பரிந்துரை. மக்காச்சோளத்துக்கு நல்ல விலை வந்ததும் கரிசலுக்குச் சொன்னது செவலுக்கும் பரவியது. வட்டாரத்துக்கு ஒரே இலக்கு, ஒரே விதை ஒதுக்கீடு என்றால், வேளாண் உதவி அலுவலர் வேறு என்ன செய்வார்?

இரண்டு, பயிர்க் காப்பீடு. இழப்பை வருவாய்க் கிராமம் அல்லது பிர்க்கா அளவில், பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரி மகசூலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பரிசோதனைத் திடல்கள் அதிகமும் கரிசலில் அமைந்துவிட்டால் சராசரி நன்றாகவே இருக்கும். முற்றிலும் காய்ந்த செவல்காரருக்கு இழப்பீடு வராது. அதிகாரிகளும் விதிப்படிதான் நடந்திருப்பார்கள். அலகே இரண்டு வகை நிலத்தை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது.

மூன்று, மண்வள அட்டை. 2015-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 12 அம்சங்கள் அளக்கப்படுகின்றன. கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். உர மேலாண்மைக்கு இவை தேவைதான். ஆனால் மானாவாரி விவசாயிக்கு முதலில் தெரிய வேண்டிய மண்ணின் ஆழமும், சரளையின் அளவும், நீர் பிடிக்கும் திறனும் அதில் இல்லை. மாதிரி எடுப்பதற்கான வலை அளவும் பாசன நிலத்தில் 2.5 எக்டேர், மானாவாரியில் 10 எக்டேர். மண் அதிகம் மாறும் இடத்தில்தான் மாதிரி குறைவாக எடுக்கிறோம்.

என்ன செய்யலாம்

ஏழு மண்டலங்களைக் கலைக்க வேண்டியதில்லை. மாநில அளவுத் திட்டத்துக்கு அவை இருக்கட்டும். நிலத் திறன் வகைப்பாடு நீர்ப்பிடிப்பு வேலைகளுக்கு இருக்கட்டும். பயிர் யோசனை மட்டும் மழை நாளையும் மண்ணின் நீர் பிடிப்பையும் கூட்டிய கணக்கில் கிராமத்துக்கு இறங்கி வர வேண்டும். இதற்கு மூன்று காரியங்கள் போதும்.

மண்வள அட்டையில் ஆழம், நயம், சரளை அளவு என மூன்று கட்டங்களைச் சேர்க்க வேண்டும். இதற்கு ஆய்வகம் வேண்டாம். மாதிரி எடுக்கும்போதே மண் துளைப்பானால் பார்த்து எழுதலாம். 'தெற்கு மண்டலத்துக்கு ஏற்றது' என்பதற்குப் பதில் '60 செ.மீ.க்கு மேல் ஆழமுள்ள நிலத்துக்கு', 'ஆழமில்லாத நிலத்துக்கு' என்று ரகப் பரிந்துரைகள் வர வேண்டும். காப்பீட்டின் அறுவடைப் பரிசோதனைத் திடல்களைக் கிராமத்தில் உள்ள மண் வகைகளின் பரப்புக்கு ஏற்பப் பகிர வேண்டும். அதற்கான முதல் தகவல் 'அ' பதிவேட்டிலேயே இருக்கிறது.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கோடையில் உங்கள் காட்டில் மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடங்களில் ஒரு மீட்டர் குழி வெட்டுங்கள். பாறையோ இறுகிய சுக்கானோ எத்தனை செ.மீ.யில் தட்டுகிறது, பழைய பயிரின் வேர் எதுவரை போயிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாவாகப் பிதுக்குங்கள். 5 செ.மீ. நீளம் உடையாமல் வந்தால் களி. அதில் பாதியில் உடைந்தால் இடைப்பட்ட மண். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். ஒரு சட்டி மண்ணைச் சலித்துச் சரளை எத்தனை பங்கு என்று பாருங்கள். மேலே சொன்ன 5, 10, 15 கணக்கில் பெருக்கி, சரளைக்குக் கழித்து, வந்ததை நான்கால் வகுத்தால் மழை நின்ற பிறகு உங்கள் நிலம் தாங்கும் நாட்கள் கிடைக்கும். அதோடு உங்கள் ஊர் மழைக்கால நாட்களைக் கூட்டி, விதைப் பையில் உள்ள நாளோடு ஒப்பிடுங்கள்.

நாள் குறைவாக இருக்கும் செவலை மேம்படுத்தவும் வழி உண்டு. கண்மாய்க் கரம்பையை அனுமதி பெற்று அடிக்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. கனத்துக்குப் பரப்ப 40 கன மீட்டர், அதாவது 14 யூனிட் தேவை. ஒரே ஆண்டில் முடியாவிட்டால் ஆண்டுக்கு ஒரு பகுதி என்று செய்யலாம். சரிவுக்குக் குறுக்கே உழுவதும், வரப்பை உயர்த்துவதும், தொழுவுரம் இடுவதும் அதே கணக்கில் நாட்களைக் கூட்டும்.

கிராம சபையில் சாலை, தண்ணீர், விளக்கு பற்றியெல்லாம் கேட்கிறோம். நம் ஊரில் எத்தனை ஏக்கர் ஆழமான மண், எத்தனை ஏக்கர் ஆழமில்லாத மண் என்ற பட்டியலையும் ஒரு முறை கேட்போம். விரிவாக்க அலுவலர்கள் விவசாயிகளோடு சேர்ந்து ஒரு கோடையில் அதைத் தயாரித்துவிடலாம். புரட்டாசியில் விதை வாங்கப் போகும்போது அந்தப் பட்டியல் கையில் இருந்தால், அந்தந்த நிலம் தாங்கும் நாளுக்கு ஏற்ற விதையை அந்தந்த விவசாயி வாங்கி வரலாம்.